தேதி வைத்துத் தேடிய மோதிரம்

பதினோராம் நாள் காலையில் முத்திரைக்காரர் கடற்கரைக்கு இறங்கியபோது அவருடைய இடது முழங்கால் அவருக்கு முன்பே களைத்துப் போயிருந்தது. படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். எதிரே நாயோடு ஓடிவந்த ஓர் ஆள் ஒதுங்கி வழிவிட்டதும், பிடித்திருந்த கையை எடுத்துவிட்டு மீதிப் படிகளை நிமிர்ந்தே இறங்கினார். அதற்கான தண்டனையை மணலில் கால் வைத்ததும் அனுபவித்தார்.

முப்பத்துமூன்று வருஷம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். கடைகடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவார், இல்லையென்றால் தூக்கிக்கொண்டு போய்விடுவார். ஓய்வு பெற்று ஏழு வருஷமாகியும் அந்தப் பெயர் மட்டும் ஓய்வு பெறவில்லை. ஓய்வுப் பணத்தில் முதல் வேலையாக அவர் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினார். பெரிய அதிகாரியாக இருந்த மனிதர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கடற்கரையில் குப்பை பொறுக்குகிறார் என்று அக்கம்பக்கத்தில் கொஞ்ச நாள் சிரித்தார்கள். பிறகு பக்கத்து வீட்டுக்காரரின் கார் சாவி மணலில் தொலைந்தது. அரை மணி நேரத்தில் எடுத்துக் கொடுத்தார். சிரிப்பு நின்றது. இன்றுவரை தொலைத்துவிட்டு வந்து நின்றவர்கள் பதினான்கு பேர், வாங்கிக்கொண்டு போனவர்கள் பதின்மூன்று பேர். அந்த ஒரே ஒருவரைப் பற்றிப் பேச்சு எடுத்தால் அவருக்கு இன்னும் முகம் சுருங்கும்.

இப்போது தொலைந்திருப்பது சம்பந்தி வீட்டு மோதிரம்.

மகளும் மாப்பிள்ளையும் நான்கு நாள் தங்க வந்திருந்தார்கள். கடைசி நாளன்று, அதாவது பதினெட்டு நாளைக்கு முன்பு, மாப்பிள்ளை கடலில் குளித்துவிட்டு ஈரத்தோடு வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றே விரலைப் பார்த்தார். மோதிரம் இல்லை. கனத்த வெள்ளி மோதிரம், மேலே ஒரு பல்சக்கரம் செதுக்கியது. மாப்பிள்ளையின் தாத்தா கப்பலில் எஞ்சின் பார்த்தவர். அவர் போட்டு, அவர் மகன் போட்டு, கல்யாணத்தன்று பேரனின் விரலுக்கு வந்தது.

அன்று மாலை சம்பந்தி போன் செய்தார். நாற்பது வருஷம் மருந்துக்கடை வைத்திருந்தவர். பேச்சும் மருந்து மாதிரிதான். அளவாக இருக்கும், கசக்கும்.

"எஞ்சின் ரூம்ல எண்ணெய்க் கையில கூட வழுக்காத மோதிரம், சம்பந்தி. உங்க வீட்டுக்கு வந்து நாலே நாள்ல வழுக்கிடுச்சு. சரி, விடுங்க. எங்க அக்காதான் கேட்டுட்டே இருக்காங்க, பொண்ணு வீட்ல என்னதான் பார்த்துக்கிட்டாங்கன்னு."

திட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. ஆனால் முத்திரைக்காரருக்குக் காது சுட்டது. அவர் தாத்தா காலத்திலிருந்து இந்த வீட்டில் வந்து தங்கியவர்கள் ஒரு கைக்குட்டையைக்கூட இழந்து போனதில்லை. போனைப் பிடித்தபடியே எழுந்து நின்றார்.

"வர்ற மாசம் முதல் ஞாயித்துக்கிழமை நீங்களே வாங்க. உங்க கையில மோதிரத்தை வைக்கிறேன். எங்க வீட்டு வாக்கு இது."

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

அவர் வேலை செய்யும் முறை ஒன்று உண்டு. காவலாளி கோபுரத்திலிருந்து கல் மேடு வரை நூறு தப்படி. அதற்குள்தான் மாப்பிள்ளை குளித்தது. அதை நாற்பத்திரண்டு வரிசைகளாகப் பிரித்தார். அலை எட்டாத காய்ந்த மணலில் வரிசைக்கு ஒரு மூங்கில் குச்சி. கடல் உள்வாங்கும் நேரத்தில் குச்சியிலிருந்து இறங்கி, முழங்கால் தண்ணீர் வரை போய்த் திரும்ப வேண்டும். மிஷினின் வட்டை மணலை உரசாமல் இப்படியும் அப்படியும் வீச வேண்டும். சத்தம் வந்தால் துளை போட்ட கரண்டியால் தோண்ட வேண்டும், தோண்டிய குழியை மூட வேண்டும். உப்புத் தண்ணீரில் மிஷின் ஒன்றுமில்லாததற்கும் புலம்பும். எது புலம்பல், எது சேதி என்பது கேட்டுக் கேட்டுத்தான் தெரியும். ஒரு வரிசை முடிந்ததும் அதன் குச்சியில் ஒரு சிவப்புத் துணித் துண்டைக் கட்டுவார். நாளுக்கு மூன்று வரிசை, அதற்கு மேல் உடம்பு கேட்கவில்லை.

பத்து நாளில் முப்பது சிவப்புத் துணி. கிடைத்ததெல்லாம் பாட்டில் மூடி, துருப்பிடித்த ஆணி, தூண்டில் ஈயம், நாணயங்கள், பாதி மூக்குக் கண்ணாடி, யாருடையதோ ஒரு பொய்ப் பல்லின் கம்பி. குப்பை என்று ஒதுக்க முடியாது. வெள்ளி மோதிரமும் கசங்கிய தகர மூடியும் சில நேரம் ஒரே குரலில் பேசும். எல்லாவற்றுக்கும் குனிய வேண்டும்.

பதினோராம் நாளும் மூன்று வரிசை முடிந்தது. ஒரு கரண்டி, நான்கு மூடி. இனி ஒன்பது வரிசை மிச்சம், மூன்று நாள். வலி முழங்காலிலிருந்து இடுப்புக்கு ஏறியிருந்தது. மிஷினை அணைக்கக்கூட அலுப்பாக இருந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில், காய்ந்த மணலில் குச்சிகளை ஒட்டி நடந்தபோது கை தன் பழக்கத்தில் வட்டை வீசிக்கொண்டே வந்தது.

முப்பதாம் குச்சியருகே காதில் மணி அடித்தது. சுத்தமான, உயர்ந்த சத்தம். வெள்ளியின் சத்தம்.

அவர் நின்றார். முந்தைய நாள் முடித்த வரிசை அது. சிவப்புத் துணி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. வீசிப் பார்த்தார். மறுபடியும் மணி. மண்டியிட்டு ஒரு சாண் தோண்டியதும் மோதிரம் வந்தது. பல்சக்கரம், கனத்த வளையம்.

ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, அவருக்கு வலி இல்லை. அடுத்த விநாடி கண் தன் வேலையைத் தொடங்கிவிட்டது.

பதினெட்டு நாள் உப்பு மணலில் கிடந்த வெள்ளி கரிக்கட்டை மாதிரி வரும். இது கடை விளக்கின் கீழே இருப்பது போல மின்னியது. தண்ணீரில் வழுக்கிய மோதிரம் அலையே ஏறாத காய்ந்த மணலுக்கு எப்படி வரும்? அதுவும் நேற்று அவரே தேடி, இல்லை என்று துணி கட்டிய இடத்துக்கு? கையில் வைத்து லேசாகத் தூக்கிப் பார்த்தார். எடை அவர் கைக்குப் பொய் சொல்லாது.

வீட்டின் பின்பக்கத்தில் துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில்தான் அவருடைய மேஜை. நல்ல தண்ணீரில் ஊறும் நாணயங்கள் ஒரு கிண்ணத்தில், பழைய பல்துலக்கிகள் ஒரு டம்ளரில், துருவை விடுவிக்கப் பழைய சார்ஜரும் இரண்டு கம்பியும், கறுத்த வெள்ளிக்குச் சமையல் சோடாவும் அலுமினியத் தாளும். ஓரத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னத் தராசு. மோதிரத்தை அதில் வைத்தார். ஒன்பது கிராம் அறுநூறு. சம்பந்தி தன் மருந்துத் தராசில் நிறுத்து வைத்திருந்த கணக்கைப் போனில் சொல்லியிருந்தார். பன்னிரண்டு கிராம் நானூறு.

"கிடைச்சுதா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

முதல் மூன்று நாளுக்குப் பிறகு அவள் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. எட்டு நாளாக "சாப்பிடுறீங்களா" மட்டும்தான். முத்திரைக்காரர் மோதிரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"குச்சியில சிவப்புத் துணி கட்டியிருந்தா என்னன்னு நினைச்சே?"

கத்தி நின்றது. "நீங்க அடுத்து தேடப்போற இடம்."

"தேடி முடிச்ச இடம்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஏழு வருஷமா பக்கத்துலயே இருக்கே, இதுகூடத் தெரியலையா?" என்றார் அவர்.

"ஏழு வருஷத்துல ஒரு தடவை வாயத் திறந்து சொல்லியிருக்கீங்களா? பேட்டரி எங்கேம்பீங்க, தைலம் எங்கேம்பீங்க. துணி எதுக்குன்னு நானாப் போய்க் கேக்கணுமா? அது என் பழைய தலையணை உறை. கிழிக்கும்போதாவது சொன்னீங்களா?"

"ஈர மணல்லயாவது புதைச்சிருக்கலாம்."

"செருப்பு நனையும்."

அவருக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"யாரு செஞ்சு கொடுத்தா?"

"கடைத்தெரு வெள்ளிப் பட்டறைக்காரர்தான். கல்யாண போட்டோவைப் பெரிசு பண்ணி மக அனுப்பினா. மாப்பிள்ளைக்குத் தெரியாது." அவள் குரல் இறங்கியது. "நேத்து குளியலறையில நீங்க சுவரைப் பிடிச்சுட்டு நின்னதை நான் பார்த்தேங்க. கூப்பிட்டா கோவம் வரும்னு கூப்பிடல. ஒரு மோதிரம். அதுக்காக உங்க காலைக் கடல்ல கரைக்கணுமா?"

"அவர் நிறுத்துப் பார்ப்பாரு. ரெண்டே முக்கால் கிராமுக்கு மேல குறையுது."

"கடல் தின்னுடுச்சுன்னு சொல்லுங்க. உப்பு வெள்ளியைத் தின்னும்னு நீங்கதானே ஊருக்கெல்லாம் சொல்றீங்க. நீங்க சொன்னா யாரு மறுத்துப் பேசப்போறா?"

அதுதான் அவரை உறுத்தியது. யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். அவர் வாயிலிருந்து வந்தால் அது முத்திரை குத்திய மாதிரி.

மறுநாள், வெள்ளிக்கிழமை காலை முழங்கால் வீங்கி, காலைக் கால்சட்டைக்குள் நுழைக்க முடியவில்லை. கடல் உள்வாங்கும் நேரம் வந்து, போனது. மிச்சமிருந்த ஒன்பது வரிசையும் அவர் இல்லாமலே நனைந்து காய்ந்தன. ஜன்னல் வழியே வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு நிற்கும் காட்சி திரும்பத் திரும்ப வந்தது. சம்பந்தியின் அக்கா ஊரெல்லாம் சொல்லப்போகும் பேச்சு, அதைக் கேட்டுக்கொண்டு அந்த வீட்டில் தலைகுனிந்து நடக்கப்போகும் மகள்.

சனிக்கிழமை காலை அவரே ஒரு முட்டையை வேகவைத்தார். மஞ்சள் கருவை நசுக்கி, ஒரு டப்பாவில் மோதிரத்தோடு வைத்து மூடினார். மத்தியானத்துக்குள் வெள்ளி பழுப்பேறி, சாயங்காலத்துக்குள் கறுத்துவிட்டது. பள்ளங்களில் கறுப்பை விட்டுவிட்டு மேடுகளை மட்டும் துணியால் துடைத்தார். உட்பக்கத்தில் ஈர மணலை வைத்துத் தேய்த்து மங்கவைத்தார். ஏழு வருஷமாகக் கறையை எடுத்துப் பழகிய கைக்குக் கறை ஏற்றவும் தெரிந்திருந்தது. வேலை அத்தனை சுத்தமாக வந்திருந்தது. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "அப்படியே இருக்குங்க" என்றாள். அவர் கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினார்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குச் சம்பந்தி வந்தார். தனியாகத்தான் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்துவரை பொத்தான். பஸ்ஸில் மூன்று மணி நேரம் வந்தவர் மாதிரி இல்லை, பெட்டியிலிருந்து எடுத்து வைத்தவர் மாதிரி இருந்தார். நலம் விசாரித்தார், தண்ணீர் குடித்தார், பிறகு கையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

முத்திரைக்காரர் சட்டைப் பையிலிருந்து மோதிரத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

சம்பந்தி கண்ணாடியைக் கழற்றினார். மோதிரத்தைக் கண்ணுக்கருகே கொண்டுபோகவில்லை. விரலில் போட்டுக்கொண்டு, கட்டைவிரலால் பல்சக்கரத்தை மெல்லத் தடவினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"எங்க அப்பா பேப்பர் படிக்கும்போது இப்படித்தான் தடவிக்கிட்டே இருப்பாரு" என்றார். "கிடைக்காதுன்னுதான் நினைச்சுட்டு வந்தேன், சம்பந்தி. சும்மா சொல்லக்கூடாது. உங்க வீட்டு வாக்கு வாக்குதான்."

மூடிய கண்ணின் ஓரத்தில் ஈரம் கசிந்தது. அதைத் துடைக்கவும் அவருக்கு வெட்கமாக இருந்தது போலும், அப்படியே விட்டார்.

வேலையில் இருந்த காலத்தில் பொய் எடைக்கல்லை முத்திரைக்காரர் எத்தனையோ முறை பிடித்திருக்கிறார். கடைக்காரர்கள் அழுவதும் கெஞ்சுவதும் அவரை அசைத்ததில்லை. அவரால் பார்க்க முடியாமல் போனது ஒன்றே ஒன்றுதான். குறைந்த எடையில் வாங்கிய பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, திருப்தியாக வீட்டுக்கு நடக்கும் மனிதர்களின் முகம். இப்போது அந்த முகம் அவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

"சம்பந்தி, அது உங்க மோதிரம் இல்ல."

சம்பந்தி கண்ணைத் திறந்தார்.

"உங்களுது கிடைக்கல. இது புதுசா செஞ்சது. கறுப்பு நான் ஏத்தினது."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"யாரு செஞ்சது?" என்றார் சம்பந்தி.

"எங்க வீட்ல செஞ்சது. அதுக்கு மேல கேக்காதீங்க. வாக்குக் கொடுத்தவன் நான், தவறினவனும் நான்."

சம்பந்தி மோதிரத்தைக் கழற்றினார். விரல் கணுவில் மாட்டி, கொஞ்சம் திருகித்தான் வந்தது. மேஜைமேல் வைத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முகம் சிவந்திருந்தது.

"ஏன் சொன்னீங்க?" என்றார். "சொல்லாமயே இருந்திருக்கலாமே. மூணு வாரமா தூங்கல நான். ஒரு நிமிஷம் நிம்மதியா இருந்தேன். உங்க மனசு லேசாகறதுக்கு என் தலையில பாரத்தை வச்சுட்டீங்க. இப்ப நான் எங்க அக்காகிட்டப் போய் என்ன சொல்ல?"

மன்னிப்பு இல்லாவிட்டால் கோபம் என்று இரண்டுக்கும் தயாராக இருந்தார் முத்திரைக்காரர். இதற்குத் தயாராக இல்லை. "கிடைக்கலன்னு சொல்லுங்க" என்றார் மெதுவாக.

"எல்லா இடமும் தேடினீங்களா?"

"நாப்பத்திரண்டு வரிசை போட்டேன். முப்பத்துமூணு முடிச்சேன்."

"மிச்சம்?"

"ஒன்பது. இந்த மோதிரம் வந்ததும் நிறுத்திட்டேன்."

மருந்துக்கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப கிடைக்கலன்னு எப்படிச் சொல்றீங்க? தேடி முடிக்கலன்னு சொல்லுங்க. அலமாரியில கடைசித் தட்டு வரைக்கும் பார்க்காம, மருந்து இல்லன்னு நான் ஒருத்தருக்கும் சொன்னதில்ல."

"ஞாயித்துக்கிழமைன்னு சொல்லியிருந்தேன்..."

"தேதி போச்சு. வாக்கு எங்க போச்சு?"

வாசல் திரைக்குப் பின்னாலிருந்து மனைவி வெளியே வந்துவிட்டாள். "அண்ணா, அவர் காலைப் பாருங்க. யானைக்கால் மாதிரி வீங்கியிருக்கு. நீங்களாவது வேண்டாம்னு சொல்லுங்களேன்."

சம்பந்தி காலைப் பார்த்தார். பிறகு முத்திரைக்காரரின் முகத்தைப் பார்த்தார். ஒரு விறைத்த மனிதர் இன்னொரு விறைத்த மனிதரைப் பார்க்கும் பார்வை.

"நான் வேண்டாம்னு சொன்னா அவர் கேப்பாராம்மா?"

அவள் பெருமூச்சு விட்டாள். "கேக்கமாட்டாரு."

"பின்ன எதுக்கு நான் சொல்லி அசிங்கப்படணும்? சாப்பாடு இருந்தா போடுங்க. மூணு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்."

சாப்பிடும்போது யாரும் மோதிரப் பேச்சை எடுக்கவில்லை. போகும்போது சம்பந்தி தன் கைப்பையிலிருந்து ஒரு முழங்கால் பட்டையை எடுத்துக் கொடுத்தார். தான் கட்டிக்கொண்டிருந்ததாம், இப்போது தேவையில்லையாம். அது உண்மையில்லை என்பது அவர் வாசற்படி இறங்கிய விதத்திலேயே தெரிந்தது. முத்திரைக்காரர் அதைச் சோதிக்காமல் விட்டார்.

ஒன்பது வரிசைக்கு மூன்று நாள் போதாது. நாளுக்கு ஒரு வரிசைதான் முடிந்தது. கடல் உள்வாங்கும் நேரம் தினமும் தள்ளித் தள்ளிப் போனது, அவரும் கூடவே தள்ளிப் போனார். காலையில் மனைவி அந்தப் பட்டையைக் கட்டிவிடுவாள். ஒரு நாள் தானும் வருகிறேன் என்று வந்து, குடையோடு கோபுரத்தின் நிழலில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடம் "குழியை மூடாம போகமாட்டாரு, பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மூடிகள், ஆணிகள், ஈயங்கள். ஒரு பழைய வெள்ளி நாணயம்கூட வந்தது. வேறொரு காலமாக இருந்தால் அன்று வீட்டில் அதைப் பற்றித்தான் பேச்சு. இப்போது கிண்ணத்தில் போட்டுவிட்டு மறந்தார்.

பத்து நாள் கழித்துப் புதன்கிழமை காலை கடைசி வரிசையின் கடைசிக் குழியை மூடினார். அதில் இருந்தது ஒரு வளைந்த ஆணி. வீட்டுக்கு வந்து, காலைக்கூடக் கழுவாமல் போன் செய்தார்.

"நாப்பத்திரண்டும் முடிஞ்சுது, சம்பந்தி. இல்ல."

"நிச்சயமா?"

"கடல் எடுத்துட்டுப் போயிருக்கணும். அங்க இல்ல. நிச்சயமா இல்ல."

"அப்ப இல்லதான்" என்றார் சம்பந்தி. "அக்கா பக்கத்துலதான் இருக்காங்க. நீங்க சொன்னதை அப்படியே சொல்லிடறேன்" என்றார். போனை வைக்க மறந்துவிட்டார் போல. தூரத்தில் ஒரு முதிய பெண்ணின் குரல் ஏதோ கேட்க, அதற்கு அவர், "அவர் இல்லன்னா இல்லக்கா. விடுங்க" என்று சொல்வது தெளிவாகக் கேட்டது.

முத்திரைக்காரர் போனை மெதுவாகக் கீழே வைத்தார்.

"என்ன சொன்னாரு?" என்று தண்ணீரோடு வந்து நின்றாள் மனைவி.

"சரின்னுட்டாரு."

"அவ்வளவுதானா? இனி காலையில என்ன பண்ணப் போறீங்க?"

அவள் குனிந்து பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்தால்கூட முதுகு சாய்க்காத மனிதர், கழுத்து ஒரு பக்கம் தொங்க, வாய் லேசாகத் திறந்திருக்க, மணல் ஒட்டிய கால்களை நீட்டிக்கொண்டு தூங்கிப்போயிருந்தார். வாசல் கதவு திறந்திருந்தது, தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, கீழே உட்கார்ந்து, அவர் எழுந்துவிடாதபடி முழங்கால் பட்டையை ஒவ்வொரு சுற்றாக அவிழ்க்கத் தொடங்கினாள்.